இரண்டு அங்குலப் பேர்

பத்தடிக்கு எட்டடி பேனரில் அமலாவின் பங்கு இரண்டு அங்குலம். வலது கீழ் மூலையில் ‘அமலா டிசைன்ஸ், சேரப்பணஞ்சேரி’ என்று ஒரு வரி, பக்கத்தில் செல் நம்பர். கடை கிடையாது, வாசலில் போர்டு கிடையாது. காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ, சாப்பிட வந்தவர்களில் யாராவது குனிந்து அந்த மூலையைப் படித்தால்தான் அவளுக்கு அடுத்த வேலை வரும்.

ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி லைனில் ஆறு வருஷம் நின்றவள். குழந்தை பிறந்து ஷிப்டுக்குப் போக முடியாமல் ஆனபோது கற்றுக்கொண்ட தொழில் இது. கணவன் திருமலை வாங்கித்தந்த கம்ப்யூட்டரில் வரைவாள். வாலாஜாபாத் பிரஸ்ஸில் அச்சாகி வரும்.

மாடியில் திருமலையின் அண்ணன் பரசுராமன் குடும்பம். அவர் மனைவி கலைமணிக்கும் டிசைன் ஆசை வந்தது, பின்னாலேயே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது.

“உன் சாம்பிளப் பாத்து கத்துக்கறேன் அமலா. பென்டிரைவ எடுத்துகினு மேலயும் கீழயும் ஏறி எறங்க முடியல, முட்டி வலிக்குது” என்றாள்.

லாரிக் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்க்கும் பரசுராமன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டி நீலக் கேபிள் இழுத்து, இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபோல்டரைப் பொதுவாக்கினார். கீழே இருப்பது மேலே தெரியும், மேலே இருப்பது கீழே தெரியும். யாருக்கு அனுமதி என்று திரை கேட்டது. எல்லோருக்கும் என்று தட்டினார். பார்க்க மட்டுமா, மாற்றவுமா என்று கேட்டது. மாற்றவும் என்று தட்டினார்.

“பாஸ்வேர்டு போடலையா மாமா?” என்று கேட்டாள் அமலா.

“ஒரே வூடு. இன்னாத்துக்கு பாஸ்வேர்டு?”

அடுத்த முகூர்த்தத்தில் படப்பை மண்டப வாசலில் அமலா தன் மயிலைப் பார்த்தாள். முன்பொரு பேனரில் தாய்மாமன் பேர் நீண்டுபோய் இடம் போதாமல், மயிலின் ஒரு காலை அழித்திருந்தாள். திரும்ப வரைய மறந்துபோனது. அந்த நொண்டி மயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கீழ் மூலையில் ‘கலை டிசைன்ஸ்’.

வீட்டுக்கு வந்து கேட்டாள். “அந்த மயிலு ஏன்க்கா ஒத்தக்கால்ல நிக்குது?”

“தவம் பண்ணுது” என்றாள் கலைமணி, துணி உலர்த்திக்கொண்டே. “நெட்டுல ஆயிரம் மயிலு கீது. எல்லாம் உங்கப்பன் வூட்டு மயிலா?”

திருமலையிடம் சொன்னபோது, “அண்ணிகிட்ட மயிலுக்காடி சண்ட போடச் சொல்ற?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அமலா சேர்த்து வைத்துக்கொண்டாள். கேபிளைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். பிடுங்கினால் திருட்டு நிற்கும், திருடியவள் மாட்டமாட்டாள். அதனால் விட்டுவைத்தாள்.

ஒரகடம் கம்பெனி பஸ் டிரைவர்கள் ஆயுத பூஜைக்கு வைக்கும் பேனர்தான் வருஷத்திலேயே பெரிய வேலை. எல்லா டிரைவர்களின் படமும் பேரும் கட்டம் கட்டமாக இருக்கும். அத்தனை கம்பெனி ஆட்களும் இறங்கி ஏறும் இடத்தில் அது நிற்கும். மூன்று வருஷமாக அமலாதான் செய்தாள். இந்த வருஷம் அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம் டிரைவர்களின் செயலாளர் ஆறுமுகநயினார் தேடி வந்திருக்கிறார். கலைமணி மாடியிலிருந்தே, “ஒரே வூடுதாங்க, நானே பண்ணித் தரேன்” என்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்த அமலா, மேல் கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் தன் அறையிலிருந்தபடியே திறந்தாள். போன வருஷத்துத் தன் டிசைன். மூலையில் பேர் மட்டும் மாறியதாகத்தான் பட்டது. பிரஸ்ஸுக்குப் போகத் தயாராக இருந்தது. மேலே செருப்புச் சத்தம். கலைமணி பூ வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

படங்கள் தனி, பேர்கள் தனி. பேர்கள் ஒரே கோர்வையாக ஓடுபவை. அவள் கட்டிய கோர்வைதான், எங்கே தொட்டால் எது நகரும் என்று அவளுக்குத் தெரியும். கடைசிப் பேரை வெட்டி முதலில் ஒட்டினாள். மொத்தப் பேர்களும் ஒரு கட்டம் தள்ளிப்போயின. ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பக்கத்து ஆளின் பேர். சேமித்து மூடினாள். கலைமணி எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பவள் அல்ல. அதை நொண்டி மயிலே சொல்லியிருந்தது.

ஊரே சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அவளும் சரியாகப் படிக்கவில்லை. முதல் கட்டத்தில் இருந்த மூத்த டிரைவர் காசிராஜன் தை மாதம் இறந்துபோயிருந்தார். அவர் பேருக்கு முன்னால் இந்த வருஷம் சின்ன எழுத்தில் ஒரு சொல் ஏறியிருந்தது: அமரர்.

பூஜையன்று காலை வாழைமரமும் மாவிலையும் கட்டிய பஸ்களுக்கு நடுவே பேனர் ஏறியது. முதலில் சிரிப்புதான். பிறகு இரண்டாவது கட்டத்தை ஒருவன் சத்தமாகப் படித்தான். படம் வேல்ராஜுடையது. கீழே ‘அமரர் காசிராஜன்’.

“ஏ வேல்ராஜு, மால வாங்கியாரட்டா?”

“பேயி ஓட்டுற பஸ்ஸுல நா ஏற மாட்டம்ப்பா.”

பொங்கல் பாத்திரத்தோடு நின்ற வேல்ராஜின் மனைவி மாரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ் மூலையைப் படித்தாள். அரை மணியில் ஆறுமுகநயினாரையும் இழுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்றாள்.

“யாருட்டீ கலை டிசைனு? எறங்கி வா. எம் புருசன் அங்கன பூசணிக்கா ஒடச்சுக்கிட்டு நிக்காரு, நீ அவர அமரராக்கிட்டியோ?”

தெரு கூடியது. அமலா குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கலைமணி பாதிப் படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“அது என் டிசைனே இல்லீங்க. எல்லாம் தோ, கீழ கீறாளே அமலா, அவளுது. அவ வரஞ்சத நா எடுத்து வெச்சேன், அவ்ளோதான்.”

இத்தனை நாள் அமலா கேட்க ஆசைப்பட்டது அந்த வாக்கியம்தான். தெருவே கேட்க, கலைமணியின் வாயாலேயே வந்தது. குழாயை மூடிவிட்டு முந்தானையில் கை துடைத்தாள்.

“கீழ யார் பேரு போட்டுக்கீது, அத நல்லா படிங்க” என்றாள்.

மாரிசெல்வி திரும்பவும் படிக்கத் தேவையில்லை. “நம்பர் போடத் தெரியுது, பேரு போடத் தெரியலியோ?” என்று கலைமணியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். அது நிற்க வெகுநேரம் ஆனது. அமலா ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

ஆறுமுகநயினார் அவள் பக்கம் வந்தார். “எம்மா, காசிராஜன் பெண்சாதி சுந்தராம்பாள் அவரு படத்தப் பாக்கணும்னே வந்துச்சு. அவரு மூஞ்சிக்குக் கீழ வேற எவம் பேரோ. பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டுது. சாயங்காலத்துக்குள்ள வேற பேனரு போட்டுத் தருவியா?”

அந்த அம்மாளை அமலா கணக்கில் எடுக்கவே இல்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு பேரையும் விரல் வைத்துப் படித்தாள். இந்த டிசைனின் ஓரத்திலும் நின்ற நொண்டி மயிலுக்குக் கால் போட்டாள். சாயங்காலம் புது பேனர் ஏறியது; மூலையில் அவள் பேர் நான்கு அங்குலம்.

இருட்டும் நேரத்தில் பரசுராமன் கீழே வந்தார். “மேல சிஸ்டத்துல நீ எதுனா தொட்டியா?”

“ஒரே வூடுதான மாமா” என்றாள் அமலா.

அவர் மேலே போனார். மறுநாள் மேல் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்துவிட்டது. பரசுராமன் போட்டது தன் கம்பெனி பஸ்ஸின் ரூட் நம்பர். நெற்றியில் அந்த நம்பரோடு பஸ் தினமும் காலையில் அமலாவின் ஜன்னலுக்கு நேராகத்தான் வந்து நிற்கும்.