குருவிச்சையை விட்ட தாய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் நூதனசாலை ஒன்றில் காவலுக்கு நின்றேன். எனக்கு வாய்த்தது வடக்கு ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் மண்டபம். துருப்பிடித்த வாள், பல் உதிர்ந்த சீப்பு, சுவர் முழுக்க அவர்களுடைய தெய்வங்கள். என் மனைவியும் பிள்ளைகளும் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் படிவத்தை நானே நிரப்பி அனுப்பியிருந்தேன். அந்தத் தவிப்பில் வந்த எரிச்சலை எல்லாம் கொட்ட எனக்கு அகப்பட்டவை அந்தத் தெய்வங்கள்தான்.

வழிகாட்டிப் பெண் ஒருத்தி நாளுக்கு மூன்று தரம் கூட்டத்தோடு வந்து கதை சொல்லுவாள். மூலையில் நின்று நானும் கேட்பேன். பெரிய கடவுள் ஓடினுக்கு ஒற்றைக் கண். மற்றதைப் பிடுங்கிக் கொடுத்து, அறிவு வர ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். எங்கள் கண்ணப்பர் கண்ணைக் கொடுத்தது சிவனின் கண்ணில் இரத்தம் கண்டு மனம் பொறுக்காமல். இவர் செய்தது வியாபாரம். தோர் என்பவரோ தன் வண்டியை இழுத்த ஆடுகளையே அடித்துத் தின்றுவிட்டு, விடிந்ததும் உயிர்ப்பித்து மறுபடியும் பூட்டுவாராம். சீ, இதுவும் ஒரு தெய்வமா!

எல்லோரையும்விட எனக்கு இளக்காரமாய்ப் போனவள் ஓடினின் மனைவி. மகன் பால்டருக்குச் சாவு வரப்போகிறது என்று தெரிந்ததும், கல், இரும்பு, நெருப்பு, நோய் என்று உலகத்தில் உள்ள அத்தனையிடமும் அவனைத் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கினாளாம். மரத்தில் ஒட்டி வளரும் குருவிச்சை ஒன்றை மட்டும், அது மிகவும் இளசு, அதனிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டாள். கடைசியில் அந்தக் குருவிச்சைக் கொப்பால் எறிந்துதான் அவனைக் கொன்றார்கள். கூட்டம் உச்சுக் கொட்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். பெற்றவளுக்கு இவ்வளவு அசட்டையா?

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வெம்பிளி அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மனைவி கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தாள்.

"விசா வந்திட்டுது. எனக்கும் பொடியள் ரெண்டு பேருக்கும்."

"சின்னவளுக்கு?"

"அவளின்ரை பேரே படிவத்திலை இல்லையாம். நீங்கள் எழுதேல்லையோ?"

எழுதவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் கைப்பிள்ளைக்கு ரிக்கற் எடுப்பதில்லை. தாயின் மடியில் இருந்தபடியே அது வந்துவிடும். இங்கிலாந்துக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன்.

"கைப்பிள்ளையோ? அவள் லொட்ஜ் படியெல்லாம் ஏறி இறங்கி ஓடித் திரியிறாள்."

நான் புறப்பட்டபோது வயிற்றில் இருந்தவள் அவள். எண்ணிப் பார்த்திருந்தால் இரண்டு வயது தாண்டிவிட்டது தெரிந்திருக்கும். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

"அப்ப இவளை ஆரிட்டை விட்டிட்டு நான் வாறது?"

மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன்.

"நீங்கள் கண்ட பிள்ளையளை மட்டும் எழுதியிருக்கிறியள்" என்றாள்.