தோணிக்கு வந்த ரிசீவர்

இடது பக்கத்து வீட்டுக்கு ஒரு கும்பிடு. நாலு எட்டு தள்ளி, வலது பக்கத்து வீட்டுக்கு அதே அளவில் இன்னொரு கும்பிடு. கை நெஞ்சுக்கு மேலே போகாது, கீழேயும் இறங்காது. அதை முடித்த பிறகுதான் வக்கீல் ஞானசிகாமணி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவார். இடது வீடு கஸ்பார் மொத்தாவுடையது; வலது வீடு அவருடைய தம்பி சந்தியாகுவுடையது. ஒருநாள் தம்பி வீட்டு வாசலில் ஏதோ பேச்சுக்குச் சிரித்துவிட்டார். அடுத்த வாய்தாவில் அண்ணனின் மனு வந்தது: ரிசீவர் எதிர்க்கட்சியோடு சிரித்துப் பேசுகிறார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.

வழக்கு ஒரு தோணியைப் பற்றியது. தகப்பனார் இறந்ததும், 'அடைக்கல மாதா' என்ற அந்தத் தோணி தனக்கென்றே கொடுக்கப்பட்டது என்றார் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டு வாங்கியது, பாதி எனக்கு என்றார் தம்பி. தீர்ப்பாகும்வரை இருவரும் தோணியைத் தொடக்கூடாது என்று சொல்லி, தூத்துக்குடி கோர்ட்டு ஞானசிகாமணியை ரிசீவராக்கி அதை அவர் பொறுப்பில் ஒப்படைத்தது. அவர் பாளையங்கோட்டைக்காரர், தொழிலுக்காக இந்த ஊரில் குடியிருந்தவர். இரு தரப்புக்கும் உறவோ பகையோ இல்லாதவர் என்பதுதான் அவருக்கிருந்த தகுதி. படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். வழக்கு முடிகிறவரை தோணியைக் கரையிலேயே போட்டுவைத்தால் என்ன என்று முதல் நாள் கேட்டார்.

"சும்மா கெடந்தா பலகை காஞ்சு வாயப் பொளந்துரும்யா. ஓடுனாத்தான் அது தோணி," என்றார் தண்டல் மிக்கேல். தோணியைக் கொழும்புக்கு ஓட்டிப் போய் வருகிறவர் அவர்தான்; மொத்தாக்களின் ஒரே தங்கையைக் கட்டியவரும் அவர்தான். வழக்கு நடந்த காலமெல்லாம் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்த ஒரே மனிதர்.

ரிசீவர் அந்த ஊரில் எவர் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கூஜாவில் தானே கொண்டுபோவார். பக்கத்துத் தெரு நாவிதர் கஸ்பாருக்குச் சவரம் செய்கிறவர் என்பதால், அத்தனை தூரம் நடந்து ரயிலடி நாவிதரிடம் போய் முகத்தைக் காட்டுவார். இரு வீட்டிலிருந்தும் வரும் கல்யாணப் பத்திரிகைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், எதற்கும் போகமாட்டார். காப்பிக் கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். "ரிசீவர் ஐயா வாராக!" என்று ஒரு குரல் வரும். அதோடு கடையில் பேச்சு அறுந்துபோகும்.

"கோர்ட்டு தோணியத்தான உங்ககிட்ட குடுத்துச்சு? வாயையும் சேத்தா பூட்டிக்கிடச் சொல்லுச்சு?" என்று மனைவி எஸ்தர் கேட்பாள். பிள்ளை இல்லாத வீடு. அவர் பேசுகிற பேச்செல்லாம் அவளோடுதான்.

அந்த எஸ்தரும் ஒரு கோடையில் காய்ச்சலில் போய்விட்டாள். சாவுக்குக் கஸ்பார் ரிசீவரின் தெருமுனைவரை வந்தார். எதிர்முனையில் சந்தியாகு நின்றார். யார் முதலில் வாசல் ஏறினாலும் மற்றவர் அதை ஒரு மனுவாக்கிவிடுவார் என்ற அச்சம் இருவருக்கும். கையில் மாலையோடு அங்கேயே நின்றார்கள். பெட்டியைத் தூக்கும்போது ஆள் போதவில்லை. மிக்கேல் ஓடிவந்து தோள் கொடுத்தார். தெருமுனையைக் கடக்கையில், மாலையை வாங்கிக்கொள்ளக்கூட ரிசீவர் நிற்கவில்லை. ஒருவரிடம் வாங்கினால் மற்றவரிடமும் வாங்க வேண்டும்.

அதற்கப்புறம் ஐப்பசியில் புயல் வந்தது. 'அடைக்கல மாதா' கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று தந்தி வந்திருந்தது, தோணி வரவில்லை. தங்கை அழுத அழுகையில் இரு அண்ணன்மாரும் கடற்கரைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நடுவில் ரிசீவர்.

"எங்க மச்சான எங்கவே அனுப்புனீரு?" என்று கஸ்பார் கத்தினார்.

"எந்தங்கச்சிக்கு என்னவே பதில் சொல்லப் போறீரு?" என்றார் சந்தியாகு.

வழக்குப் போட்ட நாளிலிருந்து இரு கட்சிகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"நான்தான் அனுப்புனேன்," என்றார் ஞானசிகாமணி. காற்று நல்லதாக இருக்கிறது என்று மிக்கேலும் சொன்னதை அவர் சொல்லவில்லை. மழையில் அங்கேயே நின்றார். குடை எப்போதோ காற்றோடு போய்விட்டது. அந்த ஊரில் தன் துக்கத்துக்குத் தோள் கொடுத்தவர் மிக்கேல் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டார். பதவியும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், அந்த மனுஷன் கரைக்கு வந்தால் போதும் என்று வாய்க்குள்ளே ஜெபித்தார்.

காற்று ஓய்ந்த மறுநாள் காலையில், பாய்மரம் முறிந்து, கிழிந்த பாயை எப்படியோ இழுத்துக் கட்டிக்கொண்டு தோணி வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் ஓடினார்கள். அலை அடித்துக் கஸ்பார் விழுந்தார்.

"அண்ணே!" என்று அலறிக்கொண்டு சந்தியாகு அவரைத் தூக்கினார்.

"எனக்கு ஒண்ணுமில்லலே. மச்சானப் பிடிலே மொதல்ல!"

இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கரையில் நின்ற ரிசீவரும் அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவிலேயே வழக்கு ராஜியாகிவிட்டது. ரிசீவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று நீதிபதி ஒரே வரியில் முடித்தார். மறுநாள் காலை ஞானசிகாமணி அந்தத் தெரு வழியாகவே போனார். இனி யாரைப் பார்த்தும் சிரிக்கலாம். இரண்டு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. அண்ணனும் தம்பியும் விடியும்போதே தோணிக்குப் புதுப் பாய்மரம் நாட்டக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்.

பாய்மரம் நாட்டிய அன்று கரையில் பந்தல் போட்டு ஊருக்கே அசன விருந்து வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்து ஞானசிகாமணியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில், வெள்ளை விரிப்பு போட்ட மேஜை ஒன்று. ஒரே ஒரு நாற்காலி.

"ஐயா இதுல இருங்க. ஒங்களத் தரையில இருத்துனா எங்களுக்கு அடுக்குமா?" என்றார் கஸ்பார். சந்தியாகு தன் கையாலேயே இலை போட்டு, சோறு வைத்துக் குழம்பு ஊற்றினார். பிறகு இருவரும் பந்தியைக் கவனிக்க ஓடிவிட்டார்கள்.

பந்தலுக்குள் ஒரே சிரிப்பு. புயலைப் பற்றி மிக்கேல் ஏதோ சொல்ல, மறுபடி வெடிச்சிரிப்பு. ஞானசிகாமணி ஒரு வாய் உண்டார். இன்னொரு வாய் எடுத்து அப்படியே வைத்துவிட்டார். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். குழம்பு வழிந்துவிடாமல் இலையின் இரு ஓரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மெல்ல நடந்து, பந்திப் பாயில் மிக்கேலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.