ஒன்பதாம் நம்பர் சட்டை

வெயில் ஏறினால் அந்த மைதானத்தில் உப்பு பூத்துவிடும். விழுந்து முட்டி சிராய்த்தவனுக்கு அது காந்துகிற காந்தலில் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். எழுபதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு மாதா கோயில் திருவிழாவை விட்டால் அடுத்த பெரிய விஷயம் உப்பளத்தை ஒட்டிய அந்த மைதானத்துக் கால்பந்துதான். எங்கள் மாதா கோயில் பங்கின் அணியை நடத்தியவர் என் அப்பா மிக்கேல். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. அணியில் கோல் போட வேண்டிய "சென்டர் பார்வர்டு", அம்மாவின் தம்பி ராயப்பன் மாமா. மாமா கடலில் சங்கு குளிப்பவர். மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு என்பதால் எவ்வளவு ஓடினாலும் இளைக்க மாட்டார் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். ஆனால் முந்தைய வருஷத்து இறுதி ஆட்டத்தில், எதிரே கோல்கீப்பர் கீழே விழுந்து கிடக்கும்போது, மாமா அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. கோப்பையைத் திருநெல்வேலி அணி கொண்டுபோனது. அப்பா அதை மறக்கவேயில்லை.

அந்த வருஷம், இயந்திரம் கெட்டுப்போன சரக்குக் கப்பல் ஒன்று வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்றது. அதில் டக்ளஸ் என்று ஓர் இஞ்சினியர் இருந்தார், ஸ்காட்லாந்துக்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூலியாட்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவர் வந்து நின்றாராம். அன்று வீட்டுக்கு வந்த அப்பாவுக்குச் சட்டையைக் கழற்றக்கூடப் பொறுமையில்லை.

"அந்த ஊர்ல காசு வாங்கிட்டு ஆடுன பிளேயராம். நம்ம அந்தோணி தூக்கி அடிச்ச பந்து, தொரை காலுல வந்து பூனைக்குட்டி மாதிரி உக்காருது."

அம்மா "குசினி" என்கிற அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அதுக்கு நமக்கென்ன?"

அப்பா வந்த வேகத்தில் மறுபடியும் துறைமுகத்துக்குக் கிளம்பினார்.

இறுதி ஆட்டத்தன்று மாமா கடலுக்குப் போகாமல், பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மைதானத்துக்குள் வரும்போது டக்ளஸ், எப்போதும் மாமா போடும் ஒன்பதாம் நம்பர் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அப்பா மாமாவை முன்கூட்டியே பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை போலும். இப்போதும் அவர் மாமாவின் முகத்தைப் பார்க்காமல், பூட்ஸைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏலே ராயப்பா, தொரை ஆடட்டும். நீ கொஞ்சம் ஒதுங்கி நில்லு. இடைவேளைக்குப் பொறவு பாப்போம்."

"சரி அத்தான்," என்றார் மாமா.

டக்ளஸ் அதிகம் ஓடவில்லை. அவருடைய இடது முட்டியில் கட்டுப் போட்டிருந்தது. பந்து எங்கே வந்து சேருமோ அந்த இடத்தில் முன்னாடியே போய் நின்றார், அவ்வளவுதான். இரண்டு கோல். கூட்டம் "தொரை, தொரை" என்று கத்தியது. முதல் கோல் விழுந்தபோது மாமாவும் கைதட்டினார். இடைவேளைக்குப் பிறகு பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டோரமாகவே குதித்துக்கொண்டும் காலை உதறிக்கொண்டும் நின்றார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசி விசில் ஊதியது, கோப்பை எங்களுக்கு; எல்லாரும் உள்ளே ஓடினார்கள். மாமா குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த உப்புத் தரையில் வெறுங்காலோடு நடந்துபோனார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் விருந்து. அணிக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா, தம்பி எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

கூடத்தில் யாரோ தொரையின் கதையைக் கேட்கச் சொன்னார்கள். டக்ளஸ் சொல்லச் சொல்ல அப்பா தமிழில் சொன்னார். நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் பிறந்தவராம். பதினேழு வயதில் ஒரு கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டம் அடைமழையில் நடந்தது. உயரமாக வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். சுரங்கத்திலிருந்து குளிக்காமல் நேரே வந்திருந்த அவருடைய அப்பாவைக் கூட்டத்தில் தேடினாராம். பாதிப்பேர் முகம் கரியாக இருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பட்டணத்துப் பெரிய கிளப் அவரை வாங்கியது. வாரம் தவறாமல் கோல் போட்டார். டிராம் வண்டியில் கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்க மாட்டாராம். அப்புறம் ஒரு குளிர்காலத்தில், தரை கல்லாக இறுகிக் கிடந்த நாளில், முட்டி மடங்கிவிட்டது. அறுவை செய்தார்கள். திரும்பி வந்தபோது பந்து விழும் இடத்துக்கு எப்போதும் அரை அடி பிந்திப் போய்ச் சேர்ந்தார்.

"ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போயிருக்காரு," என்று அப்பா உற்சாகமாகவே சொல்லிக்கொண்டு வந்தார். "உள்ள போனா, இவரு ஒன்பதாம் நம்பர் சட்டைய வேற ஒரு பையன்..."

அங்கே அப்பாவின் குரல் நின்றுவிட்டது. டக்ளஸ் அதைக் கவனிக்காமல் இன்னும் சொன்னார். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் இங்கிலீஷ் படித்ததால் எனக்குப் பாதி புரிந்தது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லையாம். மேனேஜர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். அதன் பிறகு சின்னச் சின்ன கிளப்புகள், பிறகு கடல். சொல்லி முடித்துவிட்டு, நாற்காலியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தார். அப்பாவிடம் ஏதோ கேட்டார்.

"தொரை என்ன கேக்காரு?" என்றாள் வாசற்படியில் வந்து நின்ற அம்மா.

"குழம்பு நல்லா இருக்காம்," என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "இன்னைக்குப் போட்டது யாரு சட்டைன்னு கேக்காரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

"என் தம்பி சட்டைன்னு சொல்லுங்க," என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தச் சட்டையைத் தொட்டு, தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையில் சொன்னாள்: "மை பிரதர்."

டக்ளஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். சட்டையை எடுத்துக்கொண்டு, மாமாவின் வீட்டைக் காட்டச் சொன்னார். அப்பா முன்னால் போக வேண்டியதாயிற்று. அம்மாவும் நானும் பின்னால் போனோம்.

மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்த்ததும் எழுந்தார். டக்ளஸ் சட்டையை இரண்டு கையாலும் நீட்டி நிறையப் பேசினார். அப்பா அதையெல்லாம் ஒரே வரியில் சுருக்கினார்.

"மன்னிக்கணும்னு சொல்லுதாரு."

"அவருக்கு என்ன தெரியும், அத்தான்?" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "அவரு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

அப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அதற்கு முன்பும் பின்பும் என் தகப்பனை நான் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருக்கவே கூடாது என்றுதான் அன்று தோன்றியது. மாமா டக்ளஸுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேரும் பேச ஒரு பாஷை இல்லாமல், ஒருவர் முட்டியை ஒருவர் காட்டிக் காட்டி என்னவோ பேசிக்கொண்டார்கள். அப்பா நின்றுகொண்டே இருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அம்மாகூட.

கொஞ்ச நாளில் கப்பல் போய்விட்டது. மாமா அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. அப்பா ஆள் மேல் ஆள் அனுப்பினார். "கடல் வேலைக்கே நேரம் பத்தல" என்று ஒரே பதில்தான் வந்தது. நல்லது கெட்டதுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார், "அத்தான்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஒன்றுமே நடக்காதது போன்ற அந்த மரியாதைதான் அப்பாவை அரித்தது. அடுத்த வருஷம் அவர் அணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். வீட்டில் பந்தாட்டப் பேச்சு எழுந்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. சங்கு குளிக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். மாமாவின் பேரன்மார் டெலிவிஷனில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். ஊருக்குப் போகும்போது நானும் அவர்களோடு உட்காருவேன். மாமாவும் ஆசையாகத்தான் பார்ப்பார். ஆட்டத்தின் நடுவே ஒருவனை வெளியே கூப்பிட்டு இன்னொருவனை உள்ளே அனுப்பும்போது மட்டும், தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து உள்ளே போய்விடுவார். பேரன்மார் அதைக் கவனிப்பதில்லை. அவர் திரும்பி வரும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.