பென்சிலோடு ஒட்டிய விரல்கள்

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் விரல்களைப் பென்சிலோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கோபத்திலும் செய்யவில்லை. கத்தரிக்கோலால் பிளாஸ்திரியை அளவாக வெட்டி, சுருக்கம் விழாமல், நிதானமாக ஒட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயின் போபோடியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன். மயிரிழை பிசகினால் அங்கே தாளையே கிழித்துப் போடுவார்கள். பயிற்சிக் காலத்தில் எங்கள் மணிக்கட்டின் மேல் தீப்பெட்டியை வைத்துவிட்டுக் கோடு போடச் சொல்வார்கள். பெட்டி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படித் தேறி வந்தவனின் மகள், ஔந்த் பள்ளியில் மழலையர் வகுப்பில், பென்சிலை உலக்கைபோல் முழுக்கையால் பிடித்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது.

வகுப்பு டீச்சர் மராத்திக்காரப் பெண்மணி. விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை, மாவு பிசையட்டும், மண்ணில் விளையாடட்டும், பிடி தானாக வரும் என்று இந்தியில் சொன்னார். கோடு போட்டே சம்பளம் வாங்குகிறவனுக்கு இவர் பென்சில் பிடிக்கச் சொல்லித்தருவதா என்று நினைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

தீபாவளி நெருங்கியது. புனேயில் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் பட்டாசுக்கு முன்னால் கில்லாதான். செங்கல்லும் சாக்கும் அடுக்கி, அதன்மேல் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் கோட்டை கட்டுவார்கள். சரிவெல்லாம் கடுகு தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் சில நாளில் பச்சை பிடிக்கும். படிகளில் மண் சிப்பாய்கள் நிற்பார்கள். உச்சியில், சிம்மாசனத்தில் ராஜா. அந்த ராஜாவைச் சந்திலேயே சின்னப் பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் சந்தின் வழக்கம். அந்த வருடம் என் மகளின் முறை.

பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் கிடப்பாள். கட்டைவிரலும் இரண்டு விரல்களுமாகக் கடுகைக் கிள்ளியெடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவாள். சிப்பாயை இடுப்பில் பிடித்து, ஈர மண்ணில் சாயாமல் நிறுத்துவாள். பென்சிலுக்கு வேண்டிய மூன்று விரல்களும் என் கண்ணெதிரிலேயே வேலை செய்துகொண்டிருந்தன. நான் அவள் நகக்கண்ணில் இருந்த அழுக்கை மட்டும் பார்த்தேன்.

ராஜாவை வைக்கிற நாள் சாயங்காலம், ஒரு பக்கம் நேர்கோடு போட்டுவிட்டுப் போ என்று அவளை உட்காரவைத்தேன். சில கோடுகளிலேயே பிடி மறுபடி முஷ்டியாகிவிட்டது. அப்போதுதான் பிளாஸ்திரியை எடுத்தேன்.

"இன்னாங்க பண்றீங்க? உங்க ஆபீஸ் காயிதமா அது? கொழந்தைங்க!" என்றாள் மனைவி. அவள் ஆம்பூர்க்காரி, கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"பழகட்டும். பின்னால எனக்குக் கும்பிடு போடுவா."

"போடுவா, போடுவா. அதுக்கு மொதல்ல கையப் பிரிச்சு வுடுங்க."

பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு, "காகா, பேஜோ நா உஸ்கோ! ராஜா பிடானா ஹை!" என்று கத்தினான். ராஜாவை வைக்க வேண்டும், அவளை அனுப்புங்கள் மாமா என்கிறான். அவன் பின்னால் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள்.

"அப்பா, ராஜா வெச்சிட்டு ஓடி வந்துடறேன். பஸ், அவ்ளோதான், ஒரே நிமிட்," என்றாள் மகள்.

"பக்கத்தை முடி."

அவளால் முடிக்க முடியாது. விரல் அசைந்தால்தானே கோடு வரும்? இத்தனை வருடம் கோடு போட்டவனுக்கு அது தெரியாமல் போயிற்று. சற்று நேரத்தில் வெளியே கூச்சல் எழுந்தது. யாரோ ராஜாவை வைத்துவிட்டார்கள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரியை உரித்தபோது சுட்டுவிரலின் ஓரத்தில் தோலும் சேர்ந்து வந்தது. அதற்கும் அழவில்லை.

விடுமுறை முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வகுப்பில் பென்சிலை நீட்டினால் கையை ஃபிராக்குக்குள் ஒளித்துக்கொள்கிறாளாம். தீபாவளிக்கு முன்பு நன்றாகத்தானே வந்துகொண்டிருந்தாள், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மகள் என் சட்டை நுனியைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டீச்சர் கேட்டதும் அவளுக்குப் புரிந்தது. நான் சொன்னதும் புரிந்தது.

ஒரு வருடத்தில் எழுதத் தொடங்கிவிட்டாள். அது அந்த டீச்சரின் பொறுமை. ஆனால் நான் வீட்டில் இருந்தால் பென்சிலைத் தொடமாட்டாள். அடுத்த தீபாவளியில், செய்ததைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சந்தில் அவளைவிடச் சின்னவன் ஒருவன் வந்துவிட்டான். ராஜா அவனுக்குப் போய்விடும். எனவே எங்கள் வாசலிலேயே அவளுக்கென்று தனியாக ஒரு கில்லா கட்ட முடிவுசெய்தேன். போசரிப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய ராஜாவாகப் பார்த்து வாங்கினேன். லீவு போட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மண்ணில் விளையாட எந்தக் குழந்தையாவது கையைக் கழுவிக்கொண்டு வருமா? எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"எவ்ளோ செய்யணும்பா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்மா."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தாள். கடைசி இரண்டு விரல்களை மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்துக் கடுகைத் தூவினாள். நான் சொல்லிக்கொடுத்த பிடி. ஒரு குறை சொல்ல முடியாது. சந்தின் கோடியில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ராஜாவை அவள் கையில் கொடுத்தேன். உச்சியில், சரியாக நடுவில் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த ஐந்து வயதுக்கு எட்டவில்லை. எழுந்து நின்று, மண் ஒட்டிய இரண்டு கைகளையும் நான் பார்ப்பதற்காக விரித்து நீட்டினாள்.

"முடிச்சிட்டேன்பா. இப்ப வெளையாடப் போகட்டா?"