குழந்தை தூங்கும்போது வைத்த சத்தம்

இல்போ கங்காரே தம்பெரே நகரத்துக் கிடங்கு ஒன்றில் முப்பத்தொரு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலை விட்டால் கிட்டார். தனியாக வாசித்துக் கைதட்டு வாங்குகிற ஆசை இல்லை. டிரம்மோடு ஒட்டிக்கொண்டு கரகரவென்று தாளம் கொடுப்பதுதான் அவர் வேலை. அவரே எழுதிய முதல் பாட்டை அவருடைய இசைக்குழு சனிக்கிழமை பதிவு செய்வதாக இருந்தது.

அந்த வாரம் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். பேத்தி ஹில்லாவுக்கு ஐந்து வாரம். நகமெல்லாம் அரிசிக் குருணை அளவுதான். அவள் அடுத்த அறையில் தூங்கும்போதுதான் இல்போ பாட்டுக்குச் சத்தம் அமைத்தார். ஆம்ப்ளிஃபையரை அவ்வளவு தணித்து வைத்ததில் எல்லாம் சவசவ என்றிருந்தது. கனத்த கீழ் ஒலியான பேஸைக் கூட்டினார். நடுத்தர ஒலியான மிட்டை நன்றாகக் குறைத்தார். கரகரப்புக்கான கெயினை முக்காலுக்கு மேல் ஏற்றினார். இப்போது கனமாக, வழவழவென்று வந்தது. குமிழ்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

பதிவு நடந்தது அடுக்குமாடிக்குக் கீழே போர்க்காலத்துக்கென்று கட்டிய பதுங்கறையில். குழுக்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் இடம். நாலு மணிக்கு அடுத்த குழு வந்துவிடும். இல்போ படத்தைப் பார்த்துக் குமிழ்களைத் திருப்பினார். வாசித்தார்கள், போட்டுக் கேட்டார்கள்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் ரய்யா கிண்டலாகக் கேட்டாள்: "தாத்தா, நீ வாசிச்சியா, இல்ல எங்கயாச்சும் ஃப்ரிட்ஜ் ஓடுச்சா?"

"வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு."

"வீட்ல நாங்க இல்லையே."

டிரம்காரன் வெய்யோ கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டரை ஆச்சு. மூணுக்குள்ள சரியாகலன்னா உன் பாட்ட விட்டுட்டு பழசு ஒண்ண பதிவு பண்ணிடலாம்."

இல்போ கெயினை இன்னும் ஏற்றினார். கஞ்சியாகக் குழைந்துவிட்டது. ரய்யா யோசித்தாள்.

"எவ்ளோ சத்தம் வெச்சுப் பாத்த?"

"பாப்பா தூங்குற அளவு."

வெய்யோ மூக்கால் சிரித்தான்.

"அவ்ளோ மெதுவா வெச்சா பேஸ் பத்தாத மாதிரிதான் இருக்கும்," என்றாள் ரய்யா. "இங்க அத நான் பாத்துக்குறேன். என் இடத்துல நீ படுத்துக்காத."

இல்போ பேஸைக் கால் அளவுக்குக் கொண்டுவந்தார். மிட்டைப் பாதிக்கு மேல் தூக்கினார், கெயினைப் பாதியாக்கினார். ஒரு முறை அடித்தார்.

"தகர டப்பா மாதிரி இருக்கு."

"தனியா யாரு கேக்கப்போறா? எங்களோட அடி."

சேர்ந்து வாசித்தார்கள். ஒவ்வொரு அடியும் டிரம்முக்கு நடுவே தனியாகக் கேட்டது. தப்புகளும் கேட்டன. கெயின் குறைந்ததும் அவற்றை மறைக்க ஒன்றுமில்லை. வலது பக்கத்துக்கு ஒரு முறை, இடது பக்கத்துக்கு ஒரு முறை என்று அதையே இரண்டு தடவை பதிய வேண்டியிருந்தது. மணிக்கட்டு கடுத்தது. இரண்டாவது முடிந்தபோது அடுத்த குழு கதவைத் தட்டியது.

வெய்யோ மைக்குகளைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "உன் பாட்டே இருக்கட்டும்."

வீட்டில், ஹில்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் மெதுவாக வைத்துக் கேட்டார். அந்தச் சின்னச் சத்தத்திலும் கிட்டார் தெளிவாகக் கேட்டது. ஹில்லா விழிக்கவில்லை. இல்போ மறுபடி முதலிலிருந்து வைத்தார்.