சாமைக் காட்டில் நான் சொல்லாமல் விட்டது

1. கடைசி பஸ்

கொரோனாவுக்காக ஊரை அடைத்த அந்த மார்ச் மாதத்தில், கொல்லிமலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிய கடைசி பஸ்ஸில் எங்கள் லாட்ஜின் ரூம்பாய்கள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். ரிசப்ஷனில் சாவிப்பலகை நிறையச் சாவிகள் தொங்கின. சீசன் தொடங்கும் நேரத்தில் அத்தனை சாவிகளும் ஆணியில் தொங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அந்த லாட்ஜின் மேனேஜர். சொந்த ஊர் ராசிபுரம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்கும்வரை என்று கொல்லிமலைக்கு வந்தவன், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். லாட்ஜ் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ரூம் புக்கிங்கும் ஹவுஸ் கீப்பிங்கும் கற்றுத்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு.

பஸ் போன பிறகு லாட்ஜில் நான்கு பேர் மிஞ்சினோம். நான், சமையல் மாஸ்டர் முருகேசன், இரண்டு வெளிநாட்டவர்கள். இந்த இருவரும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. டேவிட் இங்கிலாந்துக்காரர், நாற்பது வயதுக்காரர். கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டு மாத வாடகைக்கு எங்களிடம் தங்கியிருந்தார். எலேனா கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றைச் சேர்ந்த அம்மையார். அங்கே கப்பல் துறைமுகத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மலையிலேயே வளப்பூர் நாடு என்ற பகுதியில் வாடகை வீட்டில் நெடுநாளாக இருந்தார். அக்கம்பக்கத்தார் வெளிநாட்டவர் என்று பயப்படவே, அதிகாரிகள் அவரையும் லாட்ஜுக்கு மாற்றினார்கள்.

2. பரோட்டா மாஸ்டரும் சாமையும்

லாட்ஜை ஒட்டினாற்போல் பொன்னுசாமியின் சாமைக் காடு. மானாவாரி நிலத்தை இந்தப் பக்கம் காடு என்றுதான் சொல்வார்கள். பரம்பரையாக மலையில் வெள்ளாமை செய்கிற குடும்பம். சீசனில் காட்டு ஓரத்தில் அன்னாசியும் மிளகும் வைத்து விற்பார். பஸ் நின்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் கேட்டருகே வந்து நின்றார்.

"ஏனுங்க மேனேஜர் சார், அரிசி இருக்குதுங்களா?"

"ஒரு வாரத்துக்கு வரும் பொன்னுசாமி. அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம் என்னத்தப் பாக்கறது? எங்கூட்டுல சாமை கெடக்குதுங்க. நாளைக்குக் கொண்டாறேன். வெள்ளக்காரங்க திம்பாங்களா?"

முருகேசன் கையை விரித்தார். "நான் பரோட்டா மாஸ்டருங்க. சாமையெல்லாம் எனக்குப் பொங்க வராது."

"எங்கூட்டுக்காரி வந்து காட்டுவாளுங்க. பரோட்டாவப் போட்டு அடிக்கற மாதிரி இதையும் அடிச்சுப்போடாதீங்க."

அன்று தொடங்கி அந்தக் காட்டுச் சாமைதான் எங்கள் நான்கு பேருக்கும் சோறு. கூடக் கீரையும் அவரைக்காயும், பலாப்பழம் பழுத்தபோது பலாப்பழமும். என் பணிக்காலத்தில் மிக நன்றாக இருந்த மாதங்கள் எவை என்று கேட்டால், ஒரு ரூம்கூட போகாத அந்த மாதங்களைத்தான் சொல்வேன். வளைவுக்கு வளைவு அடிக்கும் ஹாரன் இல்லை. காலையில் மூடுபனி போர்டிகோ வரைக்கும் வந்து நிற்கும். அருவியின் சத்தம் அத்தனை தூரம் கேட்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எலேனா தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். இங்கே எல்லோரும் 'ங்க' போட்டுப் பேசுவதால் அவரும் எதற்கும் 'ங்க' போட்டார். லாட்ஜ் நாயைப் பார்த்து, "வாங்க, சாப்பிடுங்க, கடிக்காதீங்க" என்பார்.

"இந்த மலையில நாய்க்கு இத்தன மரியாதை யாரும் குடுத்ததில்லீங்கம்மா" என்று பொன்னுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

மாலையில் போர்டிகோவில் நாற்காலி போட்டு டேவிட்டும் எலேனாவும் வாதாடுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இந்த அமைதியை நாம் ரசிக்கிறோம்" என்றார் டேவிட் ஒருநாள். "ஆனால் அருவிக்குப் போகும் வழியில் அன்னாசி வெட்டி விற்ற பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? ஊருக்குள் காசு வர வேறு வழி எங்கே இருக்கிறது? சுற்றுலாவைத் திட்டுவது நமக்குச் சுலபம்."

"நீ பேசலாம் டேவிட். மலைக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உன் சம்பளம் லண்டனிலிருந்து வந்துவிடும்."

"உங்கள் பென்ஷன் மட்டும் இந்தப் பலாமரத்திலா காய்க்கிறது?"

எலேனா வாய்விட்டுச் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "சுந்தரம், நாங்கள் இரண்டு பேர் சொல்வதையும் ஆஃப் சீசன் டிஸ்கவுண்ட் மாதிரி பாதி கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனால் நான் டிக்கெட் கொடுத்தவள். எங்கள் தீவை டிக்கெட் டிக்கெட்டாக நானே விற்றேன். அது எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியும்."

3. சேலத்திலிருந்து போன்

ஆடி கழிந்து சாமை கதிர் வாங்கிய நேரம். சுற்றுலாவுக்குத் தடை இன்னும் இருந்தது. சேலத்திலிருந்து முதலாளி போன் செய்தார்.

"என்னங்க மேனேஜரே, சாமைச் சோறு ஒத்துக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தொறந்து உட்டாங்கன்னா அடைஞ்சு கெடந்த சனமெல்லாம் மலைக்குத்தான் வரும். போன சீசன்ல பார்க்கிங் இல்லாம எத்தன பேரு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போனான்? பொன்னுசாமி காட்டைக் குத்தகைக்குப் பேசி முடிங்க. இல்லீன்னா லாட்ஜை வித்துப்போட்டு நான் என் வேலையப் பாக்கறேன். உங்களுக்கும் வயசாயிருச்சுல்ல?"

கடைசி வாக்கியத்தை அவர் கரிசனமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. பசிக்குப் பயப்படவில்லை. மகன் இருக்கிறான், சோறு போடுவான். அந்த மேசையும் மணியும் சாவிப்பலகையும் இல்லாவிட்டால் நான் யார் என்பதுதான் பயமாக இருந்தது.

4. காட்டு மேட்டில்

பொன்னுசாமியிடம் பேசினேன். இரண்டு நாள் கழித்து எங்கள் மூவரையும் காட்டுக்கு அழைத்தார். இடுப்பளவு சாமை காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது.

"பத்து வருசத்துக்குக் குத்தகை கேக்கறாருங்க உங்க மொதலாளி" என்றார். "பாப்பா நர்சிங் சேரணுங்கறா. எனக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு ஒண்ணும் ஓடலீங்க. நீங்க அவரு ஆளு. உங்களக் கேட்டா குடுன்னுதான் சொல்லுவீங்க. இவிங்க ரெண்டு பேரும் ஒலகம் பாத்தவங்க. இவிங்களக் கேட்டுச் சொல்லுங்க சார்."

என் யோசனையை அவர் நம்பவில்லை. என் மொழிபெயர்ப்பை நம்பினார்.

டேவிட் தயங்காமல் சொன்னார்: "கொடுக்கலாம். மகள் படித்துவிட்டால் அந்தக் குடும்பம் மழையை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டட்டும்." இதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். வக்கீலையும் சேர்த்து.

எலேனா ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேசினார்.

"என் அப்பாவுக்கு ஒரு ஒலிவ மரத் தோப்பு இருந்தது. கப்பல்கள் வரத் தொடங்கியதும் அதை வெட்டி வண்டி நிறுத்துகிற இடமாக்கக் கொடுத்தோம். முப்பது வருஷம் நன்றாகப் பிழைத்தோம். இப்போது கப்பல் வரவில்லை. என் தம்பி காலையில் எழுந்து அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஒரு வெங்காயம்கூட முளைக்காது. கொடுக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உன் மகளை நான் படிக்கவைக்கப் போவதில்லை. ஆனால் பாதியைக் கொடு. பாதியை விதைத்துக்கொண்டே இரு. இந்த வருஷம் நாங்கள் எதைச் சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்."

பொன்னுசாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலேனாம்மா ஊர்லயும் இப்படித்தான் காட்டைக் குடுத்தாங்களாம். முப்பது வருசம் நல்லாப் பொழச்சாங்களாம்" என்றேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூச்சு வாங்கிய பிறகும் நான் மிச்சத்தைச் சொல்லவில்லை. பாதி நிலம் முதலாளிக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

"சிரிக்கிறாரே" என்றார் எலேனா ஆங்கிலத்தில். "எல்லாம் சொன்னாயா?"

"சொன்னேன். அவருக்குப் புரிந்தது."

பொன்னுசாமியிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எலேனாவிடம் சொன்னது முழுப்பொய்.

5. விசில்

அறுவடை முடிந்ததும் ஜேசிபி வந்தது. மேல்மண்ணை வழித்து ஓரத்தில் குவித்தார்கள். ஜல்லி கொட்டி இறுக்கிப் பேவர் பிளாக் பதித்தார்கள். தடை நீங்கியதும் முதலாளி சொன்னபடியே கூட்டம் வந்தது. ரூம் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. பொன்னுசாமிக்குத் தொப்பியும் விசிலும் கொடுத்துப் பார்க்கிங்குக்கு வாட்ச்மேன் ஆக்கினோம். "வாங்க, வாங்க, ரைட்டு, போதுமுங்க" என்று அவர் வண்டிகளை நிறுத்துவது பார்க்க நன்றாகவே இருந்தது. மகள் நர்சிங் சேர்ந்தாள். டேவிட் நாடு திரும்பும்போது, "நான் சொன்னது சரிதானே?" என்றார். சரிதான். அதை இன்றும் மறுக்கமாட்டேன்.

அடுத்த கோடையில் இரண்டாம் அலை வந்தது. மறுபடி மலையை மூடினார்கள். ரூம்பாய்கள் மறுபடி இறங்கிப் போனார்கள். முந்தின தடவைபோல் இந்தத் தடவை யாரும் கேட்டருகே வந்து அரிசி இருக்கிறதா என்று கேட்கவில்லை. பொன்னுசாமி வீட்டிலேயே ரேஷன் அரிசியும், சரிவில் மிச்சமிருந்த துண்டு நிலத்து மரவள்ளிக் கிழங்கும்தான்.

அவர் தினமும் வேலைக்கு மட்டும் வந்தார். வெறும் பார்க்கிங்கில், தொப்பி போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வரச் சொல்லி நான் சொல்லவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை என்றார்.

வளப்பூர் நாட்டுக்குத் திரும்பியிருந்த எலேனா ஒருநாள் நடந்தே வந்தார். அதற்குள் அவர் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொன்னுசாமியைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பொன்னுசாமி, என் தம்பி இப்படித்தான் உக்காந்திருக்கான். நான் சொன்னேன்ல? பாதி வெச்சுக்கோங்க, சாமை போடுங்கன்னு சொன்னேன். ஏன் கேக்கலை?"

பொன்னுசாமி எழுந்து நின்றார். "எப்பங்கம்மா சொன்னீங்க?"

"அன்னைக்கு. காட்டுல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. அன்று எலேனா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. தம்பி, வெறும் தரை, வெங்காயம், பாதி நிலம் எல்லாவற்றையும் அப்படியே தமிழில் சொல்லி முடித்தேன். பிறகு, "என் வேலை போய்விடும் என்று பயந்தேன் பொன்னுசாமி, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் முழுசாக் குடுத்திருப்பேனோ என்னமோ, தெரியலீங்க சார். பாப்பா படிக்கணும்னு அப்படி அழுதுக்கிட்டிருந்தா. ஆனா ஒரு ராத்திரி உக்காந்து யோசிச்சிருப்பேன். எங்காட்டப் பத்தி யோசிக்கறது என் பாடுங்க. அந்த யோசனைய நீங்க எடுத்துக்கிட்டீங்களே."

அவர் போன பிறகு எலேனா என்னோடு கேட்வரை நடந்தார். "கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்பதை நானும் சிலரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன், சுந்தரம்" என்றார். "ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டவர்கள் தங்கித்தானே ஆகவேண்டும்." ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்துகொண்டு, "ஆனால் அவர்களுக்கு நஷ்டம் ஒரு ராத்திரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

6. இப்போது

லாட்ஜில் மேனேஜர் என்பவன் பல நேரம் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவன். முதலாளிக்கும் கஸ்டமருக்கும், வெளியூர்க்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவில். சாவியைத் தொலைத்தால் மாற்றுச் சாவி போடலாம், புக்கிங் குளறுபடியானால் வேறு ரூம் கொடுக்கலாம். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சேர்க்கும் வேலை கைக்கு வந்தால், உங்களுக்குப் பிடிக்காத பாதியை முதலில் சொல்லிவிடுங்கள். பிடித்த பாதி தானாக வெளியே வந்துவிடும்.

நான் ஓய்வு பெற்று ராசிபுரம் வந்துவிட்டேன். அந்த நாட்களின் மூடுபனியையும் சாமைச் சோற்றையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எலேனா தன் தீவுக்குத் திரும்பிவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். பார்க்கிங் நிரம்பி வழிந்தது. பொன்னுசாமி, "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குத்தகை முடிந்ததும் பேவர் பிளாக்கைப் பேர்த்து ஒரு ஓரத்திலாவது சாமை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மண் வருமா என்று தெரியாது என்றும் அவரே சொன்னார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து அவரிடம் ஏதோ கேட்டார்கள். அருவிக்கு எந்தப் பாதை, பெட்டி தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்று. பழக்கத்தில் நான் முன்னால் நகர்ந்து வாயைத் திறந்தேன்.

"இருங்க சார்" என்றார் பொன்னுசாமி. குரலில் கோபம் ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சேலத்தில் நர்ஸாக இருக்கும் மகளை அழைத்தார். "கண்ணு, இவிங்க என்னமோ கேக்கறாங்க, என்னன்னு முழுசாக் கேட்டுச் சொல்லு சாமி" என்று சொல்லிவிட்டு, போனை அவர்கள் பக்கம் நீட்டினார்.

நான் டீயைக் குடித்தேன்.