நந்தினி அக்காவும் முதுகுவலி அறையும்

அது முதுகுவலி இல்லை என்று அன்று நான் சொல்லவில்லை. நந்தினி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தியைக் காலை டீ நேரத்தில் மேலாளர்தான் கொண்டுவந்தார். "உங்களுக்கும் முதுகுவலி பாத்தவங்கதானுங்களே, அம்மணி?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

எங்கள் பம்பு கம்பெனிக்கு வாரம் ஒருநாள் வந்துபோன பிசியோதெரபிஸ்ட் அக்கா. கேன்டீனுக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை. முதல்முறை நான் கதவருகே நின்று "முதுகுவலிங்க" என்றேன். "மாசாமாசம் வர்ற முதுகுவலிங்களா?" என்றார். தலையாட்டினேன். மேலே எதுவும் கேட்கவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்தார். இடுப்பில் ஒட்டிய சிறு கருவியின் மின்னோட்டம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வெளியே மோட்டாருக்குக் காயில் சுற்றும் இயந்திரங்களின் இரைச்சல் எங்கோ பெய்யும் மழையாக மாறியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திரைச்சீலை உப்பி உப்பித் தணிந்தது. நான் அதனோடு சேர்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். "இது வலியத் தொரத்தாதுங்க கண்ணு. கொஞ்சம் தள்ளி உக்கார வெக்கும்" என்று அவர் குரல் மட்டும் கேட்டது.

காயில் பிரிவில் பெண்கள் நாங்கள் எல்லோரும் வலிக்கு அந்த ஒரே பெயரைத்தான் சொன்னோம். முதலாளி அதை நம்பிக் கவலைப்பட்டார். ஸ்டூல்கள் போய், உயர்ந்த முதுகு வைத்த நாற்காலிகள் வந்தன. அக்கா ஒன்றில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார். "சேரு சொகமாத்தானுங்க இருக்குது. அந்த நாளு வந்தா இது என்னுங்க பண்ணும்?"

"மொதலாளிகிட்ட வேற என்னத்தச் சொல்றதுங்க? நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார் காயில் சுற்றும் ராசாத்தி.

"உங்க வலிய நான் போய்ச் சொன்னா நல்லாருக்குமுங்களா?" என்றார் அக்கா.

ஒருமுறை எனக்கு வலி வழக்கத்தைவிட மோசமாக இருந்தது. அவர் வெந்நீர்ப் பையை எடுக்கவே இல்லை. "இதுக்கு ஒத்தடம் பத்தாதுங்க. மொதல்ல டாக்டரப் பாத்துப்போட்டு வாங்க. மெத்தை எங்கியும் போயிறாது." பார்த்தேன்; பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடி படுக்கவிட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் மேலாளர் அந்த அறையை எட்டிப் பார்த்தார். "நல்ல சேரு வந்துபோட்டுது, இனி யாருக்குங்க முதுகுவலி? காப்பர் கம்பிய இங்க அடுக்கிப்போடலாம்" என்றார். ராசாத்தி என்னைப் பார்த்தார்.

தக்காளி விலையைப் பேசும் அதே குரலில் மாதவிடாயையும் பேசுவார் அக்கா. தணித்துப் பேசியதில்லை, சுற்றிலும் பார்த்ததில்லை. அந்தக் குரலைத்தான் நான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

மறுநாள் ராசாத்தியும் நானும் மேலாளரிடம் போய், மாதவிடாய் வலிக்குத்தான் அந்த அறை என்று சொன்னோம். அவர் மேசையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். கம்பியை வேறு இடத்தில் அடுக்கினார்கள். புதிய பிசியோதெரபிஸ்ட் புதன்கிழமைகளில் வருகிறார்.